பெற்றோலில் கேட்ட சத்தம்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ கூடினால் மண்ணெண்ணெய்க் கார்க் கதை கட்டாயம் வரும். சண்டையில் பெற்றோலை உள்ளே விடாத அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் எப்படிக் கார் ஓட்டினோம், பின்னால் வந்த சைக்கிள்காரர் எப்படி இருமினார்கள், எந்தச் சந்தியில் இறங்கித் தள்ளினோம் என்று ஆளுக்கொன்று சொல்லிச் சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்தான் மூளைசாலி என்று யாராவது முடித்து வைப்பார். அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அந்த மூளை என்ன செய்தது என்று பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் இதையும் வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு சாவகச்சேரியில். அப்பா சந்தைக்கு முன்னால் காரை விட்டு, வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடினார். சாம்பல் நிறப் பழைய இங்கிலீஷ் கார். உள்ளே ஏறினால் தோல் சீற்றின் வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்து தொண்டையில் நிற்கும். பள்ளிக்கூடச் சட்டையில் அந்த மணம் போகாது. பக்கத்தில் இருக்கிறவள் மூக்கைப் பொத்துவாள்.

அக்காவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கொடிகாமம். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கதை எடுத்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், துலாக்கயிற்றைப் பிடித்தபடி வாளியை இறக்கவும் மறந்து நிற்பாள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. எல்லாம் பேசியது அவருடைய தாய்மாமன். லொறி வைத்திருந்தவர், அதனால் எங்களுக்கு அவர் லொறி மாமா. காணியும் வேண்டாம், நகையும் வேண்டாம், காரைச் சீதனமாகத் தாருங்கள் என்று அவர் கேட்டார். டீசல் இல்லாமல் லொறி முற்றத்தில் நின்றது. காரென்றால் மண்ணெண்ணெயில் ஓடும், மருமகன் ஹயர் ஓடலாம் என்பது அவருடைய கணக்கு. அப்பா யோசித்துவிட்டு ஓமென்றார். தான் குத்தகைக் காணியில் வெங்காயம் வைக்கப் போவதாகச் சொன்னார்.

ஆக, அக்காவின் கலியாணம் அந்த எஞ்சினில் தொங்கியது. அது தெரிந்ததுபோல எஞ்சின் தட்டத் தொடங்கியது.

அந்தக் கார்கள் எப்படி ஸ்ராட் ஆகும் என்பதை உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. முதலில் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அந்தப் பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்து மருந்து மாதிரியே செலவழித்தோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் ஹான்டிலைக் கொழுவிச் சுற்ற வேண்டும். மற்றவர் பொனற்றுக்குள் குனிந்து நின்று கார்பரேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கூட விட்டால் வீண். குறைய விட்டால் எஞ்சின் அடங்கிவிடும். எஞ்சின் சூடேறும்வரை இப்படிப் பெற்றோலில் வைத்திருந்து, பிறகுதான் உள்ளே ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கிற குழாயைத் திறந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது.

எங்கள் வீட்டில் பெற்றோல் விட்டது அம்மா. இருட்டு விலக முன்னம் உலையை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நிற்பார். ஒருநாள் உள்ளிருந்து நெருப்புச் சீறி அவருடைய இடக்கை மயிர் முழுக்கப் பொசுங்கியது. மறுநாள் வலக்கையால் விட்டார். எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள்? உங்கள் கார்க் கதைகளில் அவர்கள் ஒருவரும் வருவதில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய கையோடு சத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க் கார் எல்லாமே சத்தம் போடும். சல்லிக் கல்லைத் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்குகிற மாதிரி, பாரம் இழுக்கும்போது கிலுகிலுக்கும். இது அது இல்லை. கனத்த சத்தம். பூட்டிய அறைக்குள் இருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி. நான் படுத்திருந்த பாயிலேயே அது எனக்குக் கேட்டது.

அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, இது மண்ணெண்ணெய்ச் சத்தமில்லை. குழாய் திறக்க முதலே அடிக்குது. பெற்றோலிலையும் அடிக்குது."

"குளிர் எஞ்சின் உப்பிடித்தான். நீ போத்திலைப் பிடி."

அப்பாவுக்குக் காது நல்லாகத்தான் கேட்கும். சந்தை இரைச்சலுக்குள்ளும் ஹயர் கேட்கிறவனின் குரலைப் பிடித்துவிடுவார்.

பிறகு ஆண்கள் எஞ்சினைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். முதலில் சித்தப்பா. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மெஷின் பகுதியில் இருந்தவர், இடம்பெயர்ந்து வந்து எங்கள் பின் அறையில் இருந்தார். பெரிய பெரிய மெஷின் பார்த்தவர் என்று ஊரில் பெயர். வெயில் ஏறின பிறகு எழும்பி, பிளேன்ரீ குடித்துவிட்டு வருவார். அந்த நேரம் கார் சந்தைக்குப் போய்த் திரும்பி, மண்ணெண்ணெயில் சூடாக நிற்கும். ஆணி முடுக்குகிற நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, வைத்தியர் மாதிரிக் கண்ணை மூடுவார். மண்ணெண்ணெய் முந்திப் பற்றுகிறது, பற்றுகிற நேரத்தை, அதுதான் ரைமிங்கை, பின்னுக்குப் போட வேண்டும் என்றார். போட்டார். சல்லிச் சத்தம் குறைந்தது. கதவு தட்டுகிற சத்தம் அப்படியே இருந்தது. சித்தப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சுகமாகிவிட்டது என்றார். அதற்குப் பிறகு கார் இழுக்கவே இல்லை. சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின.

அம்மா அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். விடியப்புறம் ஸ்ராட் பண்ணும்போது ஒருமுறை வந்து பக்கத்தில் நின்று கேட்கச் சொன்னார்.

சித்தப்பா திருப்புளியைத் துணியில் சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மச்சாள், பெற்றோலிலை அடிச்சால் எஞ்சின் முடிஞ்சுதெண்டு அர்த்தம். கலியாணம் வைச்சிருக்கிற வீட்டிலை உந்தக் கதை கதையாதையுங்கோ."

அவருக்கு விளங்கியிருந்தது. அதுதான் விஷயம். விளங்கினதால்தான் அவர் ஒரு விடியற்காலையும் எழும்பவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டி வரும். ரைமிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம்.

அடுத்தது கராஜ்காரர். அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கராஜ்காரர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிக் கொழுவினார். முதல் வயரைக் கழற்றியபோது சத்தத்தில் மாற்றம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைக் கழற்ற, தட்டுச் சத்தம் பட்டென்று மெலிந்துவிட்டது. அவர் வயரைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். அப்பா மதிலைப் பார்த்தார்.

"பெட்டைக்கு எப்ப கலியாணம்?" என்று கேட்டார் கராஜ்காரர்.

"தையிலை."

அவர் வயரைத் திரும்பக் கொழுவினார். "மண்ணெண்ணெய்தான். ஓடட்டும்" என்றார்.

எனக்கு அன்று அது விளங்கவில்லை. இப்போது பழைய கார் வைத்து ஓடுகிறவளுக்கு விளங்குகிறது. மூன்றாவது பிஸ்ரனின் கீழே பெயாரிங் தேய்ந்து கழன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றுவதற்குப் பெயாரிங் குடாநாடு முழுக்கத் தேடினாலும் கிடைத்திராது. பழைய ஒயிலைத் துணியில் வடித்துத் திருப்பி விட்ட காலம் அது. திருத்த முடியாததைச் சொல்லி என்ன என்று அந்த மனுஷன் நினைத்திருப்பார். நல்ல மனுஷன். நல்ல மனுஷரெல்லாம் சேர்ந்துதான் என் அக்காவை அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் லொறி மாமா காரைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தார். அவரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு சைக்கிளில் வந்தார்கள். அப்பா வெள்ளனவே காரை ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, முற்றத்தில் ஓடவிட்டிருந்தார். வந்தவுடன் அவர்கள் மண்ணெண்ணெய்க் காரின் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும் என்பது திட்டம். சித்தப்பா பக்கத்தில் நின்று, எல்லாக் காரும் இப்படித்தான் என்று கேட்க முன்னமே விளக்கம் கொடுத்தார்.

லொறி மாமா சைக்கிளைச் சாத்தினார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். ரயரை உதைத்தார். பொனற்றைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"நிப்பாட்டுங்கோ. நல்லா ஆறட்டும். குளிர் எஞ்சினிலை ஸ்ராட் பண்ணிப் பாப்பம்."

"அண்ணை, கொஞ்சத்தாலை இராகு காலம் வந்திடும்."

"எஞ்சினுக்கு இராகு கேது இல்லைத் தம்பி."

மாப்பிள்ளை சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எஞ்சின் ஆறுவதற்காக எல்லோரும் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு காத்திருப்பைப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில்தான் கண்டேன். ஆண்கள் மாமரத்தின் கீழ் கதிரைகளில் இருந்தார்கள். பனங்கட்டித் துண்டும் பிளேன்ரீயும் போனது. மேலே எங்கேயோ குண்டு போடுகிற பொம்மர் இரைந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பக் காரைப் பார்த்தார்கள். லொறி மாமா இடைக்கிடை எழும்பிப் போய் எஞ்சினில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் சூடு" என்று சொல்லிவிட்டு வந்து இருப்பார். ஒவ்வொரு முறையும் அப்பா கதிரையில் இருந்து பாதி எழும்பிப் பாதி இருப்பார்.

குசினிக்குள் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீங்கள் வாய் திறக்காதையுங்கோ. உங்களைக் கும்பிடுறன்."

அம்மா அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டிலை இருக்கப் போறது நீயடி. அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. நீ."

"அவையள் வேண்டாமெண்டு போயிடுவினம்."

"போனால் போகட்டும். பொய்யைக் குடுத்து உன்னை அனுப்பினால் அதை வைச்சே உன்னை அடிப்பினம்."

அக்கா கையை விட்டுவிட்டாள். அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

லொறி மாமா கையை எடுத்து, "இப்ப சரி" என்றார். இராகு காலம் பிடித்து நேரமாகியிருந்தது. அப்பா ஹான்டிலைக் கொழுவினார். அம்மா போத்தலுடன் வந்து குனிந்தார். மூன்று நாலு சுற்றிலே எஞ்சின் பற்றியது. அப்பா ஓடிப் போய் உள்ளே ஏறி மிதியில் காலை வைத்தார். சத்தம் வந்தது. நல்ல தெளிவாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி, தட்டத் தட்டத் தட்ட.

அப்பா குழாய்ப் பக்கம் கையைக் கொண்டு போனார். மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் கதை முடிந்துவிடும். அம்மா நிமிர்ந்தார். பெற்றோல் போத்தலை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"இப்ப ஓடுறது பெற்றோலிலை. குழாய் இன்னும் திறக்கேல்லை. சத்தம் கேக்குதுதானே? ஐப்பசியிலை இருந்து ஒவ்வொரு நாளும் கேக்குது. சொல்லாமல் தரக்கூடாது. அதுதான் சொல்லுறன்."

அப்பா ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சித்தப்பா செருமினார்.

லொறி மாமா அம்மாவை ஒருமுறை பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். காரை முன்னிருந்து பின்வரை, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"தங்கச்சி, தட்டாத கார் யாழ்ப்பாணத்திலை எங்கை இருக்கு? மண்ணெண்ணெய் குடிச்சுப் பழகின எஞ்சின். பெற்றோல் குடுத்தாலும் கொஞ்ச நேரம் புறுபுறுக்கத்தான் செய்யும். எங்கடை ஆக்களைப் போலை."

சித்தப்பா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். அப்பா காரை விட்டு இறங்கிச் சிரித்தார். அப்பா அப்படி மூச்சு விட்டதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவரும் வாய் திறக்கவில்லை. அம்மா போத்தலை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கலியாணம் நிச்சயமானது.

இதைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். வாழ்நாளெல்லாம் லொறி ஓட்டின மனுஷன். குளிர் எஞ்சினைக் கேட்க வேண்டுமென்று தானாகவே கேட்டவர். அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்துகொண்டுதான் சிரித்தார். ஓடும்வரை கார் கையில் இருக்கும். நின்ற பிறகு சீதனத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கதை கையில் இருக்கும். இரண்டிலும் அவருக்கு நட்டம் இல்லை.

தையில் தாலி கட்டினார்கள். கார் கொடிகாமத்துக்குப் போனது. அத்தான் சந்தையடியில் ஹயர் ஓடினார். மாசியில் அக்கா ஒருநாள் வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அப்பாவிடம் சுகம் என்றாள். கிணற்றடியில் அம்மாவிடம் மற்றதைச் சொன்னாள். கார் வாசல் படலைக்குள் தட்டித் தட்டி வரும்போதெல்லாம் லொறி மாமா அவளைக் கூப்பிட்டு, "உன்ரை கொப்பர் தந்த சாமான்ரை சத்தத்தைக் கேள்" என்பாராம். கறியில் உப்புக் கூடினாலும் கார்க் கதைதான். தலைவலி என்று படுத்தாலும் கார்க் கதைதான். அத்தான் காது கேளாதவர் மாதிரி எழும்பிப் போவாராம்.

சித்திரை வெயிலில் எஞ்சின் முடிந்தது. சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வரும்போது உள்ளேயிருந்த இரும்பு முறிந்து, எஞ்சினின் பக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள் காலை அதை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். லொறி மாமா மிதிபலகையில் நின்று வந்தார். அத்தான் காரின் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தார். பின் சீற்றில் அக்கா. அவளுடைய மடியில் அவளுடைய சூட்கேஸ். காருக்குள் பலாப்பழ வாசம் அடித்தது. அதற்குப் பிறகு நான் பலாப்பழம் தின்பதில்லை.

லொறி மாமா ஊருக்குக் கேட்கும்படி பேசினார். பழுதான காரைத் தலையில் கட்டி ஏமாற்றிவிட்டார்களாம். வேறு காரோ, அதற்குச் சரியான காணியோ எழுதித் தரும்வரை பெட்டை இங்கேயே இருக்கட்டுமாம். அப்பா கையைக் கூப்பினார். தனக்குத் தெரியாது, மண்ணெண்ணெய்ச் சத்தமென்றுதான் நினைத்தேன் என்றார். சித்தப்பா பின் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா குசினி வாசலில் நின்றார். பேசவில்லை. ஒருமுறை பேசியாயிற்று என்று நினைத்தாரோ என்னவோ.

அக்கா சூட்கேஸைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கினாள். எங்கள் அக்கா குரல் எடுத்துக் கதைக்கிறவள் இல்லை.

"மாமா, அண்டைக்கு அம்மா போத்திலைத் தூக்கிப் பிடிச்சுச் சொன்னவ. பெற்றோலிலையும் அடிக்குதெண்டு. நீங்கள் சிரிச்சனீங்கள்."

"கொம்மா என்ன மெக்கானிக்கோ? பொம்பிளை கதைச்சதை ஆர் கணக்கெடுத்தது?"

"அப்ப சொன்னவதான். அதை ஒத்துக்கொள்ளுறியள்."

உழவு இயந்திரத்தில் இருந்தவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள். அம்மா சொன்னது உங்களுக்குக் கேட்டதோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அத்தான் தகப்பனில்லாப் பிள்ளையாக அந்த மாமன் போட்ட சோற்றில் வளர்ந்தவர். முற்றத்து மண்ணைக் காலால் கிளறினார். கேட்கவில்லை என்று சொன்னால் அக்கா எங்களுடைய வீட்டோடுதான். அது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா கூப்பின கையை இன்னும் கீழே இறக்கவில்லை.

"கேட்டது" என்றார் அத்தான். பிறகு மாமனைப் பாராமலே இன்னொரு முறை சொன்னார். "மாமி சொன்னவ. எனக்குக் கேட்டது."

லொறி மாமா காறித் துப்பிவிட்டு உழவு இயந்திரத்தில் ஏறினார். அத்தான் ஏறவில்லை. அது ஒழுங்கை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, அப்பாவின் சைக்கிளைக் கேட்டார். மாமன் வீட்டுக்குப் போகவில்லை. கொடிகாமத்தில் சிநேகிதன் ஒருவனுடைய கொட்டில் இருக்கிறது, அங்கே போகிறோம் என்றார். சூட்கேஸை ஹான்டிலில் தொங்கவிட்டு, அக்காவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு அந்த வெயிலில் மிதித்தார். அவர்கள் பிறகு நன்றாகத்தான் இருந்தார்கள். அத்தானுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அப்படி ஒரு சொல் சொல்லாமலே எத்தனை ஆண்கள் சாகிறார்கள்.

கராஜ்காரர் வந்து எஞ்சினைக் கழற்றினார். மூன்றாவதுதான். மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கி, அதனால் பெயாரிங் தேய்ந்தது என்று விளக்கினார். அப்பா நிமிர்ந்தார். அவருக்கு அது போதும். அம்மா சோற்றுக்குக் கூப்பிட வந்த இடத்தில், கராஜ்காரருக்கு முன்னாலேயே அப்பா சொன்னார்.

"பாத்தியே? மண்ணெண்ணெய்தான். நான் முதலிலை இருந்து சொன்னது அதைத்தானே."

அம்மா உடைந்த எஞ்சினைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். இப்போதாவது சொல்லுவார், ஊரில் ஒருவருக்கும் கேளாததை நான் மட்டும்தான் கேட்டேன் என்று ஒரு தரமாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றார் அம்மா. "மண்ணெண்ணெய்தான். சாப்பிட வாங்கோ."

அப்பா செத்துக் கன காலம். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. அந்த ஓமின் மேல் இன்னும் ஆறவில்லை.